இஞ்சித் தண்ணீர்மேல் போட்ட பழி

லிங்யூனுக்கு இரண்டு கையிலும் சுண்டு விரலை ஒட்டி, வெளிப்பக்கமாக, ஒரு பயறு அளவுக்குச் சின்ன மேடு உண்டு. யாராவது கேட்டால் மரு என்பாள். மரு என்றுதான் அவளும் இருபத்தொரு வயதுவரை நினைத்திருந்தாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளுடைய அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது மரு இல்லடி. விரலு. நீ பொறந்த பத்தாம் நாள் உங்கப்பா பட்டு நூலால இறுக்கிக் கட்டுனாரு. கறுத்து, காஞ்சு, தானா விழுந்துச்சு. அவருக்கும் கொழந்தையில அப்படித்தான் கட்டுனாங்களாம். உங்கண்ணனுக்கு எலும்போட இருந்துச்சு, நூலுக்கு மசியல. போற வீட்ல இத ஒருத்தர்கிட்டயும் வாய் விட்றாத."

அண்ணன் பெயர் ஜோங்யி. ஆனால் அந்தப் பெயரை ஊரில் யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவன் 'ஆறு'தான். வலது கையில் நகமும் எலும்புமாக ஆறாவது விரல் ஒன்று சுண்டு விரலுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு தடவை பெண் வீட்டார் வந்தார்கள். அவன் தேநீர்க் கோப்பையை நீட்டியபோது கையைப் பார்த்தார்கள்; கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாவதாக யாரும் வரவில்லை. ஊர் உற்பத்திக் குழுவின் பொதுப் பன்றித் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு அவன் தனியாகவே இருந்துவிட்டான்.

அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் லிங்யூன். அதனால்தான் அம்மா சொன்ன மறுநாளே அண்ணனிடம் போய், "அண்ணே, கல்யாணத்தன்னிக்குக் கைய வெளிய எடுக்காத" என்றாள். அவன் சரி என்றான். கோவேறு கழுதை வண்டியில் தங்கையை ஏற்றிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் ஓட்டிப்போனான். மார்கழிக் குளிர். இறங்கியதிலிருந்து இரண்டு கையையும் ஒன்றன் சட்டைக்கைக்குள் ஒன்றை நுழைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றான். குளிரில் எல்லோரும் அப்படி நிற்பதுதான், யாரும் கவனிக்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்கக் கையை வெளியே எடுத்தாக வேண்டும். "பசிக்கல" என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு வண்டியைத் திருப்பினான். முகத்திரைக்குள்ளிருந்து லிங்யூன் அதைப் பார்த்தாள். பார்த்ததும் முதலில் வந்தது நிம்மதிதான்.

வாழ்க்கைப்பட்ட ஊர் ஷான்தோங் மாகாணத்தில் இஞ்சிக்குப் பேர்போன ஊர். ஐப்பசியில் இஞ்சியைக் கெல்லி எடுத்து, கிணறுபோலத் தோண்டிய ஆழக் குழிகளுக்குள் இறக்கி வைப்பார்கள். வசந்தத்தில் எடுத்து வெயில் காட்டி, முளை பார்த்து உடைத்து நடுவார்கள். வீட்டில் மாமியார், கணவன் தெகுவாங், அவனுடைய அண்ணன் தெஹாய், அண்ணன் மனைவி பாவோஜென்.

பாவோஜெனுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். குழந்தை இல்லை. மாமியார் அதை நாளுக்கு ஒருதரமாவது குத்திக்காட்டாமல் விட்டதில்லை.

"கொக்கரிப்புக்கு மட்டும் கொறச்சலில்ல. கூடைய எட்டிப் பாத்தா ஒரு முட்டையக் காணோம்."

"நான் கொக்கரிக்கிறதாலதான் அத்தை இந்த வீட்ல ஆளு இருக்குன்னே தெரியுது" என்பாள் பாவோஜென். சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் வெகுநேரம் விறகு பிளப்பாள்.

வந்த அடுத்த இலையுதிர் காலத்தில் லிங்யூன் உண்டானாள். ஒரு வாய் சோளக் கூழ் வயிற்றில் தங்கவில்லை. இஞ்சி மணக்கும் ஊரில் அவளுக்கு மட்டும் இஞ்சி விலக்கு. பிள்ளைத்தாய்ச்சி பச்சை இஞ்சி தின்றால் கிழங்கு கிளைவிடுகிற மாதிரி பிள்ளைக்கு விரல் கிளைவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. மாமியார் மாசம் கணக்குப் போட்ட அன்றே இஞ்சிக் கூடையைத் தன் கட்டிலடியில் தள்ளி வைத்துவிட்டாள்.

பாவோஜென் சிரித்தாள். "அப்படிப் பாத்தா இந்த ஊர்க்காரன் ஒவ்வொருத்தனுக்கும் கைக்கு இருபது விரல் இருக்கணும். அறுவடைய அரை நாள்ல முடிச்சிருப்பானுங்க. நீ குடிடி. இன்னும் ரெண்டு நாள் இப்படியே வாந்தியெடுத்தா புள்ளையும் இருக்காது, நீயும் இருக்கமாட்ட."

பங்கீட்டில் வந்த தன் சிவப்புச் சர்க்கரையைப் போட்டு, மாமியார் தண்ணீர் எடுக்கப் போன நேரமாகப் பார்த்து, தினமும் காலையில் ஒரு கிண்ணம் இஞ்சித் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பாள். அவள் குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே நிற்பாள். இரண்டு மாதம் போல அது நடந்தது. புகுந்த வீட்டில் லிங்யூனுக்குக் கிடைத்த முதல் பரிவு அதுதான். இஞ்சியைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. வயிற்றில் இருப்பதற்குக் கை எப்படி வாய்க்கப்போகிறது என்ற பயம் மட்டும் இருந்தது. அதை வெளியில் சொல்ல முடியாது.

வைகாசியில், நடுப்பகலில், பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி துடைத்து மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் விரலை எண்ணினாள். நிறுத்தினாள். முதலிலிருந்து மறுபடி எண்ணினாள். வலது கையில் சுண்டு விரலுக்கு வெளியே, நகத்தோடு, மூட்டோடு, ஒரு குட்டி விரல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

"இஞ்சி தின்னியா?" என்றாள் மருத்துவச்சி.

மாமியார் குழந்தையோடு கிட்டே வந்தாள். "கேக்குறாங்கல்ல. தின்னியா?"

லிங்யூனின் கைகள் போர்வைக்குள் இருந்தன. உள்ளேயே இரண்டையும் இறுக மூடிக்கொண்டாள். தேநீர்க் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோன ஆட்களின் முகம் அவள் கண்முன் வந்தது. பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள்.

"அக்கா கொடுத்தாங்க" என்றாள். "தெனமும் கொடுத்தாங்க. வேணாம்னு சொல்லியும் கேக்கல."

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். ஆனால் மூன்றும் சேர்ந்தபோது மொத்தமே பொய்யாகிவிட்டது. சொன்னவளுக்கு அது அப்போதே தெரிந்தது.

மாமியார் முற்றத்துக்குப் போய், பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கேட்கச் சத்தம் போட்டாள். "தன் வயிறு காஞ்சு கெடக்கு. அடுத்தவ வயிறு நெறஞ்சா பொறுக்குமா? மருந்துங்கிற பேர்ல ஊத்தி ஊத்தி எம் பேத்தி கைய நாசம் பண்ணிட்டா."

பாவோஜென் அப்போதுதான் முட்டை உடைத்து ஊற்றிய தினைக் கஞ்சியோடு வந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள்.

"லிங்யூன், நீயே சொல்லு. கெட்டது நெனச்சா நான் கொடுத்தேன்?"

லிங்யூன் குழந்தைக்குப் பால் கொடுப்பவள்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சிக் கிண்ணம் படியில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு இரண்டானது. குழந்தை இருந்த அறைப் பக்கம் பாவோஜென் வரக்கூடாது. ஊரில் அவளுக்குப் பெயரே 'இஞ்சித் தண்ணி' என்று ஆகிவிட்டது. கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். தெஹாய் பேச்சுக் குறைந்த மனிதன். அந்தக் கார்த்திகையில் மூட்டை கட்டினான். நாட்டின் வடகிழக்கில் மரக்கிடங்கு ஒன்றில் பாவோஜெனின் மாமா வேலை பார்த்தார், அங்கே போய்விடலாம் என்று. கிளம்பும்போது பாவோஜென் கேட்டுக்கு வெளியே நின்று, "ஒரே ஒரு தடவ புள்ளையக் காட்டுங்க, பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள். மாமியார் உள்ளேயிருந்தே முடியாது என்றாள். லிங்யூன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காகிதம் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பத்தடி எடுத்து வைத்தால் வாசல். அவள் வைக்கவில்லை.

குழந்தைக்கு ஷியாமான் என்று பெயர். நாலு வயதில் மாவட்ட ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். "குடும்பத்தில வேற யாருக்காவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். தெகுவாங் பக்கத்தில் இருந்தான். "யாருக்கும் இல்ல" என்றாள் லிங்யூன். கையெழுத்துப் போடத் தாளை வாங்கும்போது அவளுடைய கையை டாக்டர் பார்த்துவிட்டார். தெகுவாங் சீட்டு வாங்க வெளியே போனதும், அந்த மேட்டைப் பேனா முனையால் லேசாகத் தொட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஷியாமானுக்கு ஏழு வயதாகும்போது வடகிழக்கிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே சிவப்புக் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி. இடது கைக்கு ஐந்து விரல். வலது கைக்கு ஆறு. அளவு தெரியாமல் பின்னியிருந்தாலும் அந்த ஆறாவது விரல் மட்டும் ரொம்பப் பக்குவமாக, நுனி மூடி, தையல் உறுத்தாமல் பின்னப்பட்டிருந்தது. விரலை எடுத்துவிட்ட செய்தியை யாரும் பாவோஜெனுக்கு எழுதியிருக்கவில்லை. வீட்டில் யாரும் வருவதற்குள் லிங்யூன் அதை அடுப்பில் போட்டாள். கம்பளி எரிந்த நாற்றம் போகாமல் நெடுநேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

அண்ணனையும் அவள் ஒருநாளும் வீட்டுக்கு அழைத்ததில்லை. புத்தாண்டின் இரண்டாம் நாள் மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வரும் வழக்கம். அன்றைக்கு மட்டும் ஜோங்யி விடிவதற்கு முன்பே பன்றித் தொழுவத்துக்குப் போய்விடுவான். அவனுக்கு வேலை இருக்கிறது என்பாள் அம்மா. அப்படியே அவனும் ஒருநாள் நுரையீரல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மாமியாரும் போனாள். பிறகு வடகிழக்கிலிருந்து தந்தி: தெஹாய் இறந்துவிட்டான்.

"அந்தப் பொம்பள இருக்குற வாசல மிதிக்க மாட்டேன்" என்றான் தெகுவாங். சொல்லிவிட்டு அன்று முழுவதும் இஞ்சிக் கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிடப் போன லிங்யூன் அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பி வந்தாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ரயில் பிடித்திருந்தால் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.

இருபத்தேழு வருடம் இப்படிக் கழிந்தது. ஷியாமான் நகரத்தில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் முடித்து, ஆண் குழந்தை பெற்றாள். லிங்யூன் ஒரு கூடை முட்டையும் தினையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் மகள் அழுதுகொண்டிருந்தாள். சம்பந்தியம்மா ஜன்னலோரம் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள், எதையும் நிதானமாகக் கேட்கிறவள். குழந்தையின் வலது கை துணிக்கு வெளியே இருந்தது.

"நான் தொடவே இல்லம்மா" என்றாள் ஷியாமான். "பத்து மாசமும் இஞ்சி வீட்டுக்குள்ள வரல. மீன் கொழம்புலகூடப் போட விடல. வெளிய ஒரு வாய் சாப்பிடல. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டாள். "இஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டர் சொல்றாரு. வழிவழியா வருமாம். எங்க பக்கத்துல யாருக்கும் இல்ல. உங்க பக்கத்துல யாருக்காவது உண்டா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

இல்லை என்ற சொல் லிங்யூனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை வருடப் பழக்கம். ஆனால் மகளைப் பார்த்தாள். இஞ்சி விளையும் ஊரில் பிறந்து, இஞ்சி வாசனைக்கே நடுங்கி, பத்து மாதம் வாயைக் கட்டிக் கிடந்தவள், செய்யாத தப்பைத் தேடிக்கொண்டு கிடந்தாள். லிங்யூன் கூடையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் கட்டில்மேல் விரித்து வைத்தாள்.

"இங்க தொட்டுப் பாரு. சுண்டு விரல் பக்கத்துல. மரு இல்ல அது."

முழுவதையும் சொன்னாள். நூல் கட்டியது, அண்ணன், போர்வைக்குள் வைத்திருந்த கை, எல்லாம். சொல்லும்போது மகளையும் பார்க்க முடியவில்லை, சம்பந்தியையும் பார்க்க முடியவில்லை. குழந்தையின் விரலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஷியாமானின் அழுகை நின்றிருந்தது. "அப்ப பெரியம்மா?"

லிங்யூன் விரித்து வைத்த கையை இழுத்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல அவங்களத் திட்டிப் பாட்டு கட்டிப் பாடியிருக்கேன்மா. தெருவுல எல்லாப் பிள்ளைங்களும் பாடுச்சு. நீ முற்றத்துல இஞ்சி உடைச்சிக்கிட்டே கேட்டுட்டு இருந்த." குழந்தையைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டு, "நீ போயி அவங்களப் பாரு. பாத்துட்டு வந்து என் புள்ளைய எடு" என்றாள்.

வீட்டுக்கு வந்து தெகுவாங்கிடம் சொன்னாள். அவன் தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு மேற்கு அறைக்குப் போனான். மூன்றாம் நாள் கதவோரம் வந்து நின்று, "எங்கண்ணன் செத்தப்பவாவது சொல்லியிருக்கலாம்" என்றான். அதற்கு மேல் அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மெத்தை மேற்கு அறையிலேயே இருந்தது.

ரயிலில் இரண்டு பகல், இரண்டு இரவு. சித்திரை பிறந்தும் அங்கே நிழல் விழும் இடங்களில் பனி கிடந்தது. மரக்கிடங்குத் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்த பாவோஜெனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆளை அடையாளம் கண்டதும் வாசலை மறித்துக்கொண்டு நின்றவள், பிறகு வழிவிட்டாள். கணப்பு எரியும் மண் மேடையில் உட்காரவைத்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"புள்ள கை எப்படி இருக்கு?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"நல்லா இருக்குக்கா. சின்னதுலயே எடுத்தாச்சு."

"வலிச்சிருக்குமே." பாவோஜென் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "நான் உனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். எழுத்து வராது, அவர எழுதச் சொல்லவும் வெக்கம். கெட்டது நெனச்சுக் கொடுக்கலடி. ஆனா பெரியவங்க வேணாம்னு சொன்னத கேலி பண்ணிட்டுக் கொடுத்தேன். அது என் தப்புதான். இங்க ஒரு புள்ளைய எடுத்து வளக்கச் சொன்னாங்க. பொம்பளப் புள்ள, அம்மா இல்ல. அவருக்கும் ஆச. நான்தான் வேணாம்னுட்டேன். ஒரு புள்ள கையக் கெடுத்தவளுக்கு இன்னொண்ணு எதுக்குன்னு."

ரயிலில் வரும்போது லிங்யூன் பல விதமாக யோசித்து வந்திருந்தாள். கதவைச் சாத்துவாள், அடிப்பாள், அக்கம்பக்கத்தைக் கூட்டுவாள் என்று. தன்னிடமே மன்னிப்புக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி மண் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டிச் சொன்னாள்.

பாவோஜென் அந்த மேட்டைக் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்து."

"நான் இஞ்சித் தண்ணி கொடுத்தப்ப?"

"தெரியும்."

"வாசல்ல நின்னு உன்னக் கேட்டேனே, அப்ப?"

"தெரியும்க்கா."

பாவோஜென் கையை விட்டுவிட்டாள். எழுந்துபோய் அடுப்பிலிருந்து வேகவைத்த மாவுருண்டையும் ஊறுகாய் முட்டைக்கோசும் எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு. சாப்பிட்டுட்டுக் கெளம்பு. எனக்கு இன்னும் கோவம் வரல. வரும். வர்றப்ப நீ இங்க இருக்காத."

வைத்ததை லிங்யூன் மென்று விழுங்கினாள். செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "எம்மேல பழி சொன்னது அத்தனை பேரும் கேக்கச் சொன்னது. நீ வந்து என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போற."

ஊர் திரும்பியும் அவள் உடனே சொல்லிவிடவில்லை. வைகாசி போயிற்று, ஆடி போயிற்று. கிணற்றடியில் பெண்கள் கூடும்போதெல்லாம் இன்றைக்கு என்று நினைப்பாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பேரனை எடுக்க ஷியாமான் இன்னும் கூப்பிடவில்லை. ஐப்பசியில் முதல் பனி விழுவதற்கு முன் ஊரே இஞ்சி வயலில் இறங்கியது. ஆண்கள் கெல்லிப்போட, பெண்கள் வரிசையாகக் குந்தித் தண்டை ஒடித்துக் கூடையில் போட்டார்கள். இருபது பேருக்குமேல் இருக்கும். ஷியாமான் பிறந்த அன்று முற்றத்தில் நின்று கேட்ட பக்கத்து வீட்டு ஃபெங்யிங், லிங்யூனை ஒட்டிக் குந்தியிருந்தாள். யாரோ புதிதாகக் கர்ப்பமான மருமகளைப் பற்றிப் பேச்செடுத்து, "இஞ்சித் தண்ணி கதை ஆயிடப்போவுது, பாத்துக்க" என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அது பொய்" என்றாள் லிங்யூன். குரல் எழும்பவில்லை. எழுந்து நின்று, மண் ஒட்டிய கையைத் துடைக்காமலே மறுபடி சொன்னாள். "பாவோஜெனக்கா ஒரு தப்பும் பண்ணல. எங்க குடும்பத்துல எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எங்கண்ணனுக்கு இருந்துச்சு, எனக்கு இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அவங்க பேரச் சொன்னேன்."

யாரும் கையை நிறுத்தவில்லை. தண்டு ஒடிக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் மெதுவானது. ஒருத்தி, "பழைய கதை, இப்ப எதுக்கு" என்றாள். இன்னொருத்தி எழுந்து வந்து லிங்யூனின் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஃபெங்யிங் இஞ்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அந்த வருஷம் எங்க மருமகளுக்கு ஒடம்பு முடியாதப்ப பாவோஜென் பாக்க வந்தா. நான் தண்ணிய ஊத்தி வெரட்டுனேன். உன் பேச்சக் கேட்டு."

பிறகு தன் கூடையை இழுத்துக்கொண்டு இரண்டு ஆள் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அந்த அறுவடை முடியும்வரை லிங்யூனுக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

அடுத்த வசந்தத்தில் ஷியாமான் தானே ரயில் ஏறிப்போய்ப் பெரியம்மாவை அழைத்து வந்தாள். நகரத்து வீட்டில் பாவோஜென் ஒரு மாதம் இருந்தாள். குழந்தைக்கு ஆபரேஷன் நடந்த அன்று வெளியே பெஞ்சில் தெகுவாங்கும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தெஹாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். லிங்யூன் எதிர்ப் பெஞ்சில் இருந்தாள். அந்த ஒரு மாதத்தில் பாவோஜென் அவளிடம் பேசியது உப்பு எங்கே, துணி காய்ந்ததா என்ற அளவுக்குத்தான். கிராமத்துக்கு வரச் சொல்லி ஷியாமான் எவ்வளவோ கேட்டும் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு புத்தாண்டுக்கும், எல்லோரும் ஷியாமானின் நகரத்து வீட்டில் கூடியிருக்கும்போது, வடகிழக்கிலிருந்து போன் வரும். லிங்யூன் எடுத்தால், "ஷியாமான்கிட்ட குடு" என்று குரல் கேட்கும். சரிக்கா என்று சொல்லி மகளிடம் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் நின்றுகொள்வாள். அங்கிருந்து பேச்சு கேட்கும். குழந்தைக்குப் பல் விழுந்துவிட்டதா, பள்ளிக்கூடம் போகிறானா, எழுதக் கை வருகிறதா என்று பாவோஜென் கேட்பாள். நன்றாக எழுதுகிறான் என்பாள் ஷியாமான். லிங்யூனைப் பற்றிப் பாவோஜென் கேட்பதில்லை. கேட்கக்கூடும் என்று லிங்யூனும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் போன் வைக்கும்வரை குழாயைத் திறக்கமாட்டாள்.